பின்சீட்டுக் குளிர்ச்சி

குத்தம்பாக்கம்
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி உலகநாதன் எழுதுகிறேன். இங்கே மகன் ராகேஷ், மருமகள் தேவிப்பிரியா, பேத்தி சிம்ரன் மூவருக்கும் குறையில்லை. எனக்கு மட்டும் இடது முட்டி. கிளட்சை மிதிக்கிற கால் அதுதான், என்ன செய்ய. உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? வாக்கரை விட்டு நடக்கிறீர்களா? காது மெஷினை மாட்டுகிறீர்களா, இல்லை அது டப்பாவிலேயே தூங்குகிறதா? போனில் நான் கத்தினால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் பதில் சொல்கிறார். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இப்போதெல்லாம் வண்டிக்கு வேலை வந்துவிடுகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். உங்கள் பென்ஷனைக் காட்டிக் கடன் வாங்கியதால் வேன் உங்கள் பெயரில்தானே இருக்கிறது? கேஸில் ஓடுகிற வண்டிக்கு வரிச் சலுகை உண்டு. போன ஏப்ரலில் கையெழுத்துப் போட்டீர்களே, அதேதான். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். திருமழிசையில் கேஸ் கிட் மாட்டுகிற ஷெட் வைத்திருக்கும் வேம்புலி எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார். பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் போதும். படிக்க வேண்டியதில்லை.

வேனில் இப்போது பதினான்கு பிள்ளைகள். சிம்ரனும் அதிலேயே பள்ளிக்கூடம் போகிறாள்.

வணக்கத்துடன்,
உலகநாதன்


காட்டுப்பாக்கம்
27.1.2025

அன்புள்ள உலகநாதனுக்கு,

நாற்காலியிலிருந்து சமையலறைவரை வாக்கரில்லாமல் போகிறேன். திரும்பி வருவதற்கு அது தேவைப்படுகிறது. காது மெஷின் டப்பாவில்தான் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு கேட்கும்படியாக யாரும் எதையும் சொல்வதில்லை. உன் முட்டிக்கு எலும்பு மருத்துவரைப் பார். மெடிக்கல் ஷாப்காரன் மருத்துவர் அல்லன்.

படிக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறாய். வணிகவரித் துறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தேன். இந்த வாக்கியத்தைச் சொன்னவர்களின் கோப்புகளைத்தான் முதலில் பிரிப்பது என் வழக்கம். சென்ற ஆண்டு மட்டும், அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தபோது, படிக்காமல் கையெழுத்திட்டேன். இந்த ஆண்டு எழுந்து உட்கார முடிகிறது. படித்தேன்.

ஒன்பதாவது கட்டம், எரிவாயுத் தொட்டியின் வரிசை எண்: 740318.

வேலைக்கு வரும் சரசாவின் அக்காள் மகன் அஜித்குமார் பூந்தமல்லியில் வேன் ஓட்டுகிறான். இந்தத் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். அவனும் ஒன்றைக் கொண்டுவந்தான். அதே சலுகை, அதே வேம்புலியின் கையெழுத்து. ஒன்பதாவது கட்டத்தில் 740318.

"இந்தத் தொட்டி உன் வண்டியில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

சொன்னது காதில் விழவில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதச் சொன்னேன். எழுதினான்: "அன்னிக்கு இருந்துச்சு ஆயா."

என்றைக்கு என்று கேட்டேன். "செக்கிங் அன்னிக்கு."

ஒரு தொட்டி இரண்டு வண்டியில் இருக்க முடியாது என்பதற்கு முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை. ஆகவே ஒரு சிறு காரியம் செய். வேனின் பின் இருக்கையைத் தூக்கி, தொட்டியில் அறைந்திருக்கும் தகட்டைப் பார்த்து, அதிலுள்ள எண்ணை எனக்கு எழுது. எண் வந்ததும் கையெழுத்து வரும்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

வடிவு


குத்தம்பாக்கம்
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சமையலறைவரை நடக்கிறீர்கள் என்று படித்ததும் தேவிப்பிரியா சந்தோஷப்பட்டாள். முட்டிக்கு டாக்டரைப் பார்த்தேன். மாடிப்படி ஏறக்கூடாது என்றார். நம் வீட்டில் மாடி இல்லை என்றேன், அப்படியானால் நல்லது என்றார்.

இங்கே புதுப் பஸ் நிலைய வேலையால் ரோடெல்லாம் லாரி. செம்பரம்பாக்கம் பக்கம் போகவே முடியவில்லை. கரையோரம் நம் பங்காளிகள் நெல் போட்ட இடத்தில் இப்போது பெரிய கிடங்கு, வாசலில் காவலாளி. சிம்ரன் பள்ளியில் மாறுவேடப் போட்டி நடந்தது. தக்காளி வேஷம் போட்டாள். இரண்டாம் பரிசு.

நீங்கள் கேட்ட விஷயம் கிளார்க் தவறாக இருக்கும். வேம்புலியிடம் சொல்லியிருக்கிறேன். தேதி போய்க்கொண்டே இருக்கிறது, அக்கா. படிவத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

உலகநாதன்


காட்டுப்பாக்கம்
14.2.2025

அன்புள்ள உலகநாதனுக்கு,

தக்காளிக்கு இரண்டாம் பரிசு என்றால் முதல் பரிசு எந்தக் காய்கறிக்கு என்று தெரிந்துகொள்ள ஆவல். இடுப்பு பழையபடியே இருக்கிறது. இனி அதைப்பற்றி எழுதவில்லை. உனக்கும் அலுக்கும், எனக்கும் அலுக்கிறது.

கிளார்க் தவறு என்கிறாய். சரசா வீட்டுத் தெருவில் இன்னும் இரண்டு வேன்கள் நிற்கின்றன. அவற்றின் காகிதங்களையும் வரவழைத்தேன். அதே எண். ஒரு கிளார்க் ஓர் எண்ணை ஒரு தடவை தவறாக எழுதுவான். நான்கு தடவை ஒரே மாதிரி எழுதினால் அவன் சரியாகத்தான் எழுதுகிறான். வேம்புலியிடம் இருப்பது ஒரே ஒரு தொட்டி. பரிசோதனை நாளன்று அதை வண்டிக்கு வண்டி மாட்டி, மாலையில் கழற்றிக்கொள்கிறான். கல்யாணப் பந்தலுக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதைப் போல.

அவன் கெட்டிக்காரன் என்று எனக்குத் தோன்றவில்லை. சமையலறைக்குப் போகும் வாயுவுக்கு அரசு ஒரு வரி போடுகிறது, வண்டிக்குப் போகும் வாயுவுக்கு வேறொரு வரி. ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால், நடுவில் ஒருவன் ரப்பர் குழாயோடு வந்து நிற்பான். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்றான், இப்போது இதற்கு. அவனுக்கு ஒரு பெயர் வேண்டும், வேம்புலி என்று வைத்திருக்கிறார்கள். என் கவலை அவனைப் பற்றியதன்று. தொட்டி இல்லையென்றால் உன் வேன் எதில் ஓடுகிறது? பெட்ரோலில் என்றால் சொல். வரி ஏய்ப்பு, அவ்வளவுதான். கட்டிவிடலாம். வேறு எதிலாவது என்றால், பதினான்கு குழந்தைகள் எதன்மேல் உட்கார்ந்து போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பின் இருக்கையைத் தூக்கு. எண்ணை எழுது.

வடிவு


காட்டுப்பாக்கம்
6.3.2025

அன்புள்ள உலகநாதனுக்கு,

இருபது நாளாகப் பதிலில்லை. நமக்கிடையில் உள்ள தூரத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை சைக்கிளில் கடந்துவிடும். எனவே தபால்துறையைக் குறை சொல்லவில்லை. உடம்பு சுகந்தானே?

நேற்று என் அடுப்பு அணைந்தது. புதிய சிலிண்டர் கொண்டுவந்த ஆளிடம் சரசா வாசலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தபோது அவள் முகம் சரியில்லை. காது மெஷினை எடுத்துத் தானே என் காதில் மாட்டினாள்.

"யம்மா, அந்தாளு இன்னா கேக்கறாரு தெரியுமா? அந்தம்மா தனியாத்தானே கீது, மாசத்துக்கு ஒரு சிலிண்டர் இன்னாத்துக்கு, ஓட்டல் கீட்டல் நடத்துதான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னாய்?"

"நான் இன்னா சொல்றது? இந்த ஊட்ல ஒரு நாளைக்கு ரெண்டு காபி, ஒரு ரசம். மூணு மாசம் வருதுன்னேன். அப்போ மீதி எங்க போவுதுன்னாரு. உங்க தம்பியே லோடு வண்டியாண்ட வந்து வாங்கினு பூடறாராம்."

முன்பதிவுக்கு உன் கைபேசி எண்ணைக் கொடுத்தது நான்தான். எனக்குக் காது கேட்காது, உனக்குக் கேட்கும் என்பதற்காக. நான் நடத்துவது ஓட்டல் அல்ல, பள்ளி வேன் என்பது நேற்றுதான் சரசாவுக்குப் புரிந்தது. வண்டி என் பெயரில், சலுகை என் பெயரில், வாயுவும் என் பெயரில். உன்னுடையது என்று அதில் ஓட்டுநர் மட்டும்தான்.

இந்தத் தடவை எண்ணைக் கேட்கவில்லை. இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுது.

வடிவு


குத்தம்பாக்கம்
11.3.2025

மதிப்புக்குரிய அத்தைக்கு,

தேவிப்பிரியா எழுதுகிறேன். உங்கள் உடம்பு நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாது. அவருக்கும் இதைப்பற்றிப் பதில் எழுத வேண்டாம்.

உங்கள் கடிதங்களை மாமா படித்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியில் வைக்கிறார். சமைப்பது நான், அதனால் நானும் படித்தேன். அத்தை, பின் சீட்டுக்கு அடியில் பலகைப் பெட்டி செய்து அதில் சிலிண்டரைப் படுக்க வைத்திருக்கிறார். எனக்கே போன வாரம்தான் தெரியும். தெரிந்ததும் சிம்ரன் மூலம்தான்.

"அம்மா, நான் நாளைக்கு சீக்கிரம் போவணும், இல்லாட்டி ஏசி சீட்ட அந்த ரித்திக் புட்ச்சிக்குவான்" என்றாள். நம் வேனில் ஏது ஏசி என்றேன். "பின்னாடி சீட்டு ஜில்லுனு இருக்கும்மா. கீழ கை வச்சா ஐஸ் மாதிரி தண்ணி வரும்" என்றாள். கேஸ் போகப் போகச் சிலிண்டர் ஜில்லிட்டு வியர்க்குமே, அதுதான். வெயில் ஆரம்பித்ததிலிருந்து அந்த இடத்துக்குத்தான் பிள்ளைகளுக்குள் சண்டையாம். ஒரு நாளைக்கு ஒருத்தர் என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமாவிடம் சண்டை போட்டேன். "பத்து வருஷமா ஓட்றேன், எனக்கு சொல்லிக் குடுக்கறியா?" என்கிறார். ராகேஷ் தன் அப்பா முன்னால் வாயைத் திறக்கமாட்டார். சிம்ரனை நேற்றிலிருந்து வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களைத் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எத்தனை நாளைக்கு அத்தை?

தங்கள்,
தேவிப்பிரியா


குத்தம்பாக்கம்
12.3.2025

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம் கோரி எழுதுகிறேன்.

ஓட்டல் என்றும், ஓட்டுநர் மட்டும்தான் நான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். உங்களுக்கு எழுத வருகிறது. முதல் தேதியானால் பென்ஷன் வருகிறது. பூந்தமல்லியில் கேஸ் பங்க்கில் எத்தனை ஆட்டோ வரிசையில் நிற்கும் தெரியுமா? அந்த வரிசையில் நின்றால் காலை மணி அடித்த பிறகுதான் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட முடியும். பெட்ரோல் போட்டு ஓட்டினால் பெற்றோர் தரும் கட்டணம் எனக்கு மிஞ்சாது. ஏற்றிக் கேட்டால் அடுத்த வேனுக்குப் போய்விடுவார்கள். அந்த வேனும் இப்படித்தான் ஓடுகிறது. வேம்புலி கேட்டது நியாயந்தானே: "இன்னா நைனா, அதே கேஸ்லதான் உன் ஊட்ல சோறு பொங்குது, இட்லி வேவுது. அங்க வெடிக்காதது இங்க வெடிச்சிடுமா?"

நீங்கள் எண் கேட்கிறீர்கள். நானும் ஓர் எண் கேட்கிறேன். போன வருஷம் உங்களை எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்? ஆபரேஷன் முடிந்து ஏப்ரல் வெயிலில் பின் சீட்டில் மெத்தை போட்டுப் படுக்க வைத்து, குலுங்கக்கூடாது என்று போரூரிலிருந்து உங்கள் வீடுவரை இரண்டாவது கியருக்கே போகவில்லை. பின்னால் இருந்த பஸ்காரன் திட்டாத திட்டில்லை. அது இதே வேன்தான். அன்றைக்கு அது எதில் ஓடுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை.

உலகநாதன்


காட்டுப்பாக்கம்
15.3.2025, சனிக்கிழமை

அன்புள்ள உலகநாதனுக்கு,

தபாலை நம்பாமல் அஜித்குமார் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் தன் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டான். என்னைத் திட்டிக்கொண்டேதான் கிழித்தான் என்று சரசா சொல்கிறாள். காது மெஷின் டப்பாவில் இருந்ததால் எனக்கு வருத்தமில்லை.

உன் கேள்விக்குப் பதில்: பதினொரு தடவை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை சரசா அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருவாள். அதன் சாரம் இது. மேற்கண்ட வேனின் உரிமையாளர் நான். அதில் அனுமதிபெற்ற எரிவாயுத் தொட்டி இல்லை. வீட்டு உபயோகச் சிலிண்டர் கொண்டு இயக்கப்படுகிறது. சென்ற ஆண்டு விவரம் அறியாமல் சலுகை விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன். சலுகையைத் திருப்பிச் செலுத்துகிறேன். பதிவை ரத்து செய்யவும். உன் பெயர் அதில் இல்லை. ஆனால் அவர்களுக்குப் படிக்கத் தெரியும். உன்னைத் தேடி வருவார்கள்.

உன் பிழைப்பு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அறுபத்தாறு வயதில் வேறொன்று எளிதில் கிடைக்காது என்பதும் தெரியும். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. இத்தனை வருடம் பழகிய நீ எதிர்பார்க்கவும் மாட்டாய்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளையையும் ஏற்றாதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

வடிவு


குத்தம்பாக்கம்
21.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலந்தானே? இங்கே வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறது.

திங்கட்கிழமை வண்டி எடுக்கவில்லை. பிள்ளைகள் புத்தக மூட்டையை மாட்டிக்கொண்டு அவரவர் வாசலில் நின்றார்கள். நடந்தே போய், வீடு வீடாகச் சொன்னேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன், கடைசியில் உள்ளதைத்தான் சொன்னேன். நாகவல்லி என்று ஒரு பெண், ரித்திக்கின் அம்மா. பையனின் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்கள் திட்டினார்கள். அது தேவலை.

புதன்கிழமை ஆபீஸிலிருந்து வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். வேம்புலியின் ஷெட் பூட்டிக் கிடக்கிறது. ராகேஷ் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சொல்லியிருக்கிறான். நாற்காலி கொடுப்பார்களாம், முட்டிக்கு நல்லது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. வண்டியில் டேங்க் ஒரு நாள் மட்டும்தான் இருந்தது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் எழுத வந்தது.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. நான் கொடுத்தேன் என்பதற்காக, வாழ்க்கையிலேயே முதல்தடவையாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதத் தகுதியில்லை.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? பஸ்ஸில்தான் வர வேண்டும்.

உலகநாதன்


காட்டுப்பாக்கம்
25.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

வா. குமணன்சாவடியில் இறங்கினால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். அதிகம் நடக்காதே. மதியம் சாப்பாடு இங்கேதான். சரசாவை ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன். உன்னை நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள், தயாராக வா. எனக்கும் நலம்தான், வயதுக்கு ஏற்ற அளவில்.

வருவதற்கு முன் உனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நேரில் சொன்னால் நீ ஏதாவது பதில் சொல்வாய், எனக்கு அது கேட்காது. ஆகவே எழுதுகிறேன்.

நான் அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதம் உனக்கு எழுதிக் காட்டியபடி போகவில்லை. திங்கட்கிழமை காலை, சரசா பையை எடுத்துக்கொண்டு நிற்கும்போது, அதை வாங்கி 'விவரம் அறியாமல்' என்பதை அடித்துவிட்டு 'விவரம் அறிந்தே' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று உனக்கு இரண்டு மாதமாகச் சொல்லிவந்தது பொய். நான் எதையும் படிக்காமல் கையெழுத்திட்டவளல்லள். சென்ற ஏப்ரலிலும் ஒன்பதாவது கட்டத்தைப் படித்தேன். அங்கே எழுதியிருந்தது இல்லாத ஒன்று என்பது அதற்கு இரண்டு வாரம் முன்பே எனக்குத் தெரியும்.

நீ மெத்தை போட்டுப் படுக்க வைத்த அன்று ஐயப்பன்தாங்கலில் வண்டி நெடுநேரம் நின்றது. மேலே தகரம் கொதித்தது. கீழே மெத்தையின் வழியாக ஒரு குளிர் மெல்ல ஏறி வந்தது. இருக்கையின் இடுக்கில் கையை விட்டுப் பார்த்தேன். இரும்பு. ஈரமாக இருந்தது. அது என்ன என்று தெரியாமலிருக்க நான் படிக்காதவளாக இருந்திருக்க வேண்டும். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டாய். உதடு அசைந்ததிலிருந்து புரிந்துகொண்டேன். இல்லை என்று தலையசைத்தேன். பிறகு கையை வெளியே எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அதன்பின் ஓராண்டு அந்தப் பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து போய்வந்தார்கள்.

உன்னிடம் அன்றே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதுகுக்கு இதமாக இருந்தது.

வடிவு